நிறம் மேலே, வெண்ணெய் உள்ளே

ஜூன் கடைசியில் வரும் கடிதங்களில் பாதி, வருடா வருடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கும். வேறு ஊர்க்காரர்களுக்கு ஆகஸ்ட் 15 ஒரு நாள் போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜூலை 14 முதலில் வந்துவிடும், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அப்புறம் ஆகஸ்ட் 15. மறுநாள் 16, இந்த மண் 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். ஐந்து வாரத்துக்குள் மூன்று கொண்டாட்டம். மூன்றுக்கும் கலர் கலராகப் பிஸ்கட் சுட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நிறம்தான் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. வந்தவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஜூலை 14க்கு முன்னால் ஒரு முறை செய்து பார்த்துவிடலாம் என்று, மாவை மூன்றாகப் பிரித்து, பிரெஞ்சுக் கொடி மாதிரி நீலம், வெள்ளை, சிவப்பு எனப் பிசைந்து ஒட்டிச் சுட்டேன். நீலம் பாசி படிந்த மாதிரி ஆகிவிட்டது. சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. வெள்ளை வெள்ளையாகவே இல்லை. கடைக் கலர் போடவில்லை, சங்குப்பூவும் பீட்ரூட்டும்தான். எங்கே தப்பு செய்தேன்?
— வாசகி, குருசுக்குப்பம்

உங்கள் கையில் தப்பில்லை அம்மா. நிறத்தை மாவுக்குள் போட்டதுதான் சிக்கல். வெண்ணெய் மஞ்சள். மஞ்சளோடு சங்குப்பூ நீலம் சேர்ந்தால் பச்சைதான் வரும். பீட்ரூட் நிறம் சூடு தாங்காது, அடுப்பில் பத்து நிமிடம் இருந்தாலே பழுப்பாகத் திரும்பிவிடும். வெள்ளை மாவு சுட்டால் பொன்னிறம் ஆகத்தான் செய்யும், ஆகாவிட்டால் அது வேகவில்லை என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது என் மாமியார். மாமா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் பணியில் இருந்த காலமெல்லாம் அத்தையும் பிரான்சில் இருந்துவிட்டு, பிறகு முத்தியால்பேட்டைக்கே திரும்பி வந்தார்கள். அத்தை இந்தப் பிஸ்கட்டை 'சப்லே' என்பார். பிரெஞ்சில் சாப்ல் என்றால் மணல். வாயில் போட்டதும் மணல் மாதிரி உதிர வேண்டும், அதுதான் பெயர்க் காரணம் என்பார்கள். "மாவுக்கு வெண்ணெய் நிறமே அழகு. உன் கலரையெல்லாம் ஆறின பிறகு மேலே பூசிக்கோ" என்பார். நாற்பது பிஸ்கட் சுட்டால் நாற்பதும் ஒரே நிறத்தில் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்த்து சந்தோஷப்படுவார். நிறம் பூசுவது அவருக்கு இரண்டாவது வேலை.

கணக்கு சுலபம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று, எல்லாம் எடையில். 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா, அரை டீஸ்பூன் வெனிலா எசன்ஸ். கடை வெண்ணெய் உப்புப் போட்டதாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். பண்ருட்டி முந்திரி கைவசம் இருந்தால் மைதாவில் 50 கிராம் குறைத்து, அந்த அளவுக்கு முந்திரிப் பொடி சேருங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

ஜூலையில் நம் ஊர் மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெண்ணெய் மேசையில் வைத்த பத்தாவது நிமிடம் எண்ணெயாக ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பிசைந்த மாவு அச்சில் நிற்காது, அடுப்பில் பரந்துவிடும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிசைந்துவிடுங்கள், இல்லை என்றால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதாவைச் சேர்த்து, மாவு ஒன்றாகச் சேர்ந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் உதிராது, கடினமாகிவிடும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து அரை செ.மீ. கனத்துக்கு உருட்டி, தாளோடு தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். எடுத்து அச்சு வெட்டி, வெட்டியதை மறுபடி பத்து நிமிடம் உள்ளே வையுங்கள். அந்த இரண்டாவது குளிர்ச்சியை விட்டுவிடாதீர்கள், ஓரம் கூராக நிற்பது அதனால்தான்.

அடுப்பு 160 டிகிரி, முன்கூட்டியே பத்து நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். நடுத் தட்டில் 14 முதல் 16 நிமிடம். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். அதை நம்பி இன்னும் ஐந்து நிமிடம் விட்டீர்கள் என்றால் காரியம் கெட்டது. தட்டிலேயே பத்து நிமிடம் கிடந்தால் தானாக இறுகும்.

இனி மேல் பூச்சு. 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். பதம் பார்க்க, கத்தியால் நடுவில் ஒரு கோடு இழுத்து ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். பத்து எண்ணி முடிப்பதற்குள் கோடு மூடிக்கொண்டால் பதம் சரி. ஐந்திலேயே மூடினால் தண்ணி, சர்க்கரை சேருங்கள். மூடவே இல்லை என்றால் சில துளி தண்ணீர். கெட்டியான பூச்சைக் கொஞ்சம் தனியே எடுத்து, கழுவித் துடைத்த பால் கவரைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டு, ஓரத்தில் வரப்பு கட்டுங்கள். வரப்பு இறுகியதும் உள்ளே பத்து எண்ணும் பதத்தை விட்டு, பல்குச்சியால் மூலைக்குத் தள்ளுங்கள். குமிழ் தெரிந்தால் அதே குச்சியால் குத்திவிடுங்கள்.

உங்கள் சங்குப்பூவை இப்போது கொண்டுவாருங்கள். பத்துப் பன்னிரண்டு பூ, காம்புப் பக்கத்துப் பச்சையைக் கிள்ளிவிட்டு, மூன்று மேசைக்கரண்டி கொதிநீரில் போட்டு மூடி வையுங்கள். ஆறியதும் பிழிந்து, அந்தத் தண்ணீரிலேயே சர்க்கரையைக் குழையுங்கள். நல்ல நீலம் வரும். எலுமிச்சை மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது, பட்ட இடம் ஊதாவாகிவிடும். பீட்ரூட் சாறும் சுடாத பூச்சில் நிறம் மாறாது. ஆனால் அது கொடிச் சிவப்பு இல்லை, ரோஜா நிறம்தான். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். சரியான சிவப்பு வேண்டும் என்றால் ஜெல் கலர் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு நிறம் முழுக்கக் காயாமல் அடுத்த நிறத்தைத் தொடாதீர்கள். கல்யாணமாகி வந்த முதல் வருடம் நான் மூன்று நிறத்தையும் ஒரே மூச்சில், சாயங்காலம் நாலு மணிக்குப் பூசினேன். மாலை கடல்காற்று ஈரத்தோடு வந்தது. ராத்திரி டப்பாவில் அடுக்கி மூடினேன். காலையில் திறந்தால் வெள்ளை முழுவதும் சிவப்பு ஊறியிருந்தது. அழுகை வந்துவிட்டது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி மாவு பிசைந்து, சுட்டு, வெள்ளையை மட்டும் பூசச் சொன்னார். மின்விசிறிக்குக் கீழே தட்டை வைத்து, அது காயும்வரை என் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி உட்காருவார். நான்கு மணி நேரம். அதற்குப் பிறகுதான் சிவப்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

பூசிய பிஸ்கட்டைச் சீக்கிரம் காய ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
— வாசகி, முதலியார்பேட்டை

வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்து நிறம் ஓடும். விசிறிதான் நல்லது.

நான் லாஸ்பேட்டையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஆகஸ்ட் 15 கொடியேற்றம் முடிந்ததும் மிட்டாய்க்குப் பதிலாக நானே செய்த மூவண்ணப் பிஸ்கட் கொடுக்க ஆசை. 120 குழந்தைகள். வேலைக்கும் போய்க்கொண்டு இதைச் செய்ய முடியுமா?
— ஆசிரியை, லாஸ்பேட்டை

முடியும் டீச்சர். ஒரே நாளில் செய்யாதீர்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன அளவில் ஒரு முறைக்கு நாற்பது வரும் என்று வையுங்கள், உடைந்தது போக மூன்று முறை செய்தால் உங்களுக்குக் கொஞ்சம் இழுபறியாக இருக்கும். நான்கு முறைக்கு மாவு வைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி ராத்திரி பிசைந்து, உருட்டி, தாளோடு ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுங்கள். 13 மாலை சுட்டு, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். 14 பூச்சு. ராத்திரி முழுக்க விசிறிக்கு அடியில் காயட்டும்.

ஒரு பிஸ்கட்டில் மூன்று நிறம் போட உட்காராதீர்கள், விடிந்துவிடும். நாற்பது காவி, நாற்பது வெள்ளை, நாற்பது பச்சை. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு நிறம். மூன்று குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூவண்ணமும் சேர்ந்துவிடுகிறது. நிறம் ஒன்றோடு ஒன்று ஊறும் பயமும் இல்லை. காவிக்கு, கடுகளவு மஞ்சள்தூளில் பீட்ரூட் சாறு நாலைந்து சொட்டு. மஞ்சள் கூடினால் வாசனை காட்டிக்கொடுக்கும். பச்சைக்கு, சங்குப்பூத் தண்ணீரில் அதே கடுகளவு மஞ்சள்.

பூச்சில் முட்டை வெள்ளைக்கரு வேண்டாம். வீட்டில் முட்டை தொடாத குழந்தைகள் இருப்பார்கள், பச்சை முட்டையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் சரியில்லை. முந்திரிப் பொடியையும் விட்டுவிடுங்கள். பால், கோதுமை, கொட்டைகள் யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று முந்தின வாரமே பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு வாழைப்பழமோ கடலை இல்லாத பொரி உருண்டையோ தனியாக எடுத்துப் போங்கள், கையை நீட்டும்போது வெறும் கையாகத் திரும்பக்கூடாது.

மூவண்ணத்தில் பிஸ்கட் செய்து அதைக் கடித்துத் தின்பது தேசியக் கொடிக்கு அவமரியாதை இல்லையா? என் பேத்தி ஆசையாகச் செய்கிறாள். தடுக்க மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.
— ஓய்வுபெற்ற வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2013 கிறிஸ்துமஸ் சமயம் கோயம்புத்தூரில் ஒரு விழாவில், மூவண்ணமும் அசோகச் சக்கரமும் போட்ட ஆறு அடிக்கு ஐந்தடி கேக்கை வெட்டினார்கள். தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971இன் கீழ் புகார் போனது. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அது குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தார். அதனால் பேத்தியை நினைத்துச் சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம்.

என் வழக்கத்தைக் கேட்டீர்கள் என்றால், நான் சக்கரம் போடுவதில்லை. இருபத்து நான்கு ஆரத்தையும் ஐந்து செ.மீ. பிஸ்கட்டில் ஒழுங்காகப் போட முடியாது. கோணல்மாணலாகப் போடுவதை என் மனம் ஏற்கவில்லை. செவ்வகமாக, கொடி மாதிரியே வெட்டுவதும் இல்லை. வட்டமாக வெட்டி, காவி, வெள்ளை, பச்சை எனத் தனித்தனியாகப் பூசித் தட்டில் மூன்று வரிசையாக அடுக்குவேன். பார்க்கிறவர்களுக்கு எந்த நாள் என்று உடனே தெரிந்துவிடும். பேத்தியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தட்டில் அடுக்குகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

வரும். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு கிண்ணம் கல்லுப்பு, அதன்மேல் ஒரு தாங்கி, மூடி பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடேற்றி, பிறகு தீயைக் குறைத்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஐந்து ஐந்தாக வையுங்கள். 15இலிருந்து 18 நிமிடம். அடிப்பக்கம் சீக்கிரம் சிவக்கும், முதல் ஈட்டைப் பன்னிரண்டாவது நிமிடமே திறந்து பாருங்கள். மேல்பக்கம் வெளிறியே இருக்கும், பூச்சுப் போடுவதற்கு அதுவும் நல்லதுதான். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

கடையில் விற்கும் கலர் போடவே பயமாக இருக்கிறது. பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததிலிருந்து வீட்டில் மாமியார் எந்தக் கலரையும் உள்ளே விடுவதில்லை.
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

உங்கள் மாமியார் ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பே இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரிந்து இங்கே விற்பனைக்குத் தடை போட்டார்கள், சில நாளில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. ரோடமின் என்பது துணிக்குப் போடும் சாயம். உணவுக்கு உரியதே இல்லை.

உணவில் சேர்க்க நம் நாட்டில் எட்டு செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. அதுவும் பிஸ்கட் மாதிரிப் பண்டங்களில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற எல்லைக்குள். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், என்ன நிறம் என்று பெயரோ எண்ணோ போட்டிருக்க வேண்டும். காகிதத்தில் மடித்து உதிரியாகத் தரும் கலர்ப்பொடியை எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜெல் கலர் என்றால் பல்குச்சி நுனியில் தொட்டு எடுக்கும் அளவு ஒரு கிண்ணம் பூச்சுக்குப் போதும். பூசும்போது வெளிறித் தெரிந்தாலும் காயக் காய நிறம் ஏறும். அதைப் பார்க்காமல் மேலும் மேலும் சேர்த்தால் நாக்கு நீலமாகும், கசக்கவும் செய்யும்.

அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். சங்குப்பூவைப் பறித்துத் தரச் சொல்லி அவர் கையிலேயே கூடையைக் கொடுங்கள்.

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். ஜூலை 4க்கு அங்கே வீட்டுக்கு வீடு சிவப்பு, வெள்ளை, நீலத்தில் குக்கீஸ் செய்வார்களாம். "பாட்டி செய்ததுதான் வேணும்" என்கிறான் பேரன். தெரிந்தவர் ஒருவர் இந்த வாரம் விமானத்தில் போகிறார். கொடுத்து அனுப்பலாமா?
— வாசகி, அரியாங்குப்பம்

அனுப்புங்கள் அம்மா. பூச்சு மட்டும் போட வேண்டாம். இங்கே கிளம்பி அங்கே இறங்குவதற்குள் வெயில், குளிர், வெயில் என்று மாறி நிறம் ஓடிவிடும். சுட்ட பிஸ்கட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகத் தடையில்லை. இறங்கியதும் உணவுப் பண்டம் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், அதை எடுத்துப் போகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் கொடியில் ஐம்பது நட்சத்திரம் இருப்பதால் பிள்ளைகள் நட்சத்திர அச்சைத்தான் கேட்பார்கள், ஆனால் முனைகள் வழியில் உடையும். வட்டமாகவே செய்து, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, எவர்சில்வர் டப்பாவில் நிறுத்தி அடுக்கி, இடைவெளியில் டிஷ்யூ தாளைத் திணியுங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது.

வீடியோவில் பேரனை எதிரே உட்காரவைத்து, பூச்சை அவனையே குழைக்கச் சொல்லுங்கள். பத்து எண்ணும் கணக்கை நீங்கள் இங்கிருந்து எண்ணுங்கள்.

அக்கா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தாத்தா சொல்தா. வருடா வருடம் ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். இந்த வருடம் நடக்க முடியவில்லை. அவருக்காகப் பிஸ்கட் செய்ய நினைக்கிறேன். பல் இல்லை, கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஆகஸ்ட் 15க்குச் செய்தால் போதும் என்கிறார்கள்.
— மாணவி, வில்லியனூர்

இரண்டுக்கும் செய் கண்ணு. மாவு ஒன்றுதான், பூச்சுதான் வேறு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாமா ஜூலையில் மெடல் குத்திக்கொள்வார். ஆகஸ்டில் தெருமுனையில் கொடியேற்றும்போது முதல் ஆளாகப் போய் நிற்பார். இரண்டையும் அவர் ஒரே மரியாதையோடுதான் செய்தார். வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

பல் இல்லாதவருக்கு மாவில் சின்ன மாற்றம் செய்ய வேண்டும். 300 கிராம் மைதாவுக்குப் பதில் 200 கிராம் மைதா, 100 கிராம் சோளமாவு போடு. கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் வெள்ளையாகத் தருவார்களே, அது. ஈறால் அழுத்தினாலே கரையும். முந்திரியைத் தவிர்த்துவிடு, துணுக்கு ஈறில் குத்தும். மாவில் சர்க்கரையை 100இலிருந்து 70 கிராமாகக் குறைக்கலாம், உருவம் கெடாது. அளவைச் சின்னதாக வெட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பூச்சை முழுக்கப் பூசாமல் மெல்லிசாகக் கோடு மட்டும் இழு. ஒரு வேளைக்கு எத்தனை கொடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள். எப்படியும் தாத்தா காப்பியில் தோய்ப்பார், தோய்க்கும் பக்கத்தைப் பூசாமல் விடு. இல்லாவிட்டால் காப்பி நீலமாகும்.

13ஆம் தேதி சாயங்காலம் தெருவில் லாம்பியோன் விளக்கு ஊர்வலம் போகும் நேரத்துக்குப் பூச்சு வேலையை வைத்துக்கொள். தாத்தாவைப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவை. முதல் பிஸ்கட்டில் நீலக் கோட்டை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று அவரிடம் கேள். கம்பத்தை ஒட்டி என்று, யோசிக்காமல் சொல்வார்.